ஈறு நோயும் செல்கள் அனுப்பும் நுண்பைகளும்

கம்பம், கூடலூர், போடியிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப் ஏறி, குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். "அது உடம்புச் சூடு சார், இளநி குடிச்சா சரியாப் போயிரும்" என்பார்கள். மலைக்கு மேலே தோட்டத்து லயங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களிலும் இதே பேச்சுதான். இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் பல் மருத்துவம் பார்க்கிற நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. அந்த ரத்தத்துக்குக் காரணம் சூடு இல்லை. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் படிந்திருக்கும் கிருமிப் படலம்தான் காரணம்.

இது 1965-லேயே தெளிவாக நிரூபிக்கப்பட்டுவிட்டது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. கிருமிப் படலம் சேர்ந்தால் அழற்சி, அதை எடுத்தால் குணம். அவ்வளவு நேரடியான தொடர்பு.

ஆனால் எல்லோருக்கும் கதை அதோடு முடிந்துவிடுவதில்லை. சிலருக்கு அழற்சி ஈறின் மேல் ஓரத்தோடு நிற்காமல் கீழே இறங்கும். ஆரோக்கியமான வாயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான். அது நான்கு, ஐந்து, ஏழு என்று ஆழமாகிக்கொண்டே போகும். பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்கள் அறுந்து, சுற்றியிருக்கும் எலும்பு கரைந்து, கடைசியில் பல் ஆடத் தொடங்கும். பெரியோடான்டைடிஸ் என்பது இந்த நோய்தான். உலகத்தில் வயது வந்தவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு, அதாவது 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, இதன் கடுமையான வடிவம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை மதிப்பிடுகிறது. வலியே இல்லாமல் பல வருடம் நடப்பதால்தான் இத்தனை பேர் இதில் அகப்படுகிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். கிருமிகள் பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. எலும்பு அதற்கு அப்பால், ஈறுத் திசுவுக்கு உள்ளே இருக்கிறது. பல்லில் ஒட்டியிருக்கும் கிருமி, தான் தொடாத எலும்பை எப்படிக் கரைக்கிறது? இதற்கு விடையில் ஒரு பங்கு, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத மிகச் சிறிய பைகளில் இருக்கிறது. எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிக்கிள் என்பது அவற்றின் அறிவியல் பெயர். இங்கே நுண்பை என்றே சொல்கிறேன்.

நம் உடம்பில் உள்ள ஏறக்குறைய எல்லா வகைச் செல்களும் இந்த நுண்பைகளை வெளியே விடுகின்றன. கிருமிகளும் விடுகின்றன. செல்லின் கொழுப்புச் சவ்வில் ஒரு துண்டே பையாக மூடிக்கொள்ளும். அதற்குள் புரதங்கள், கொழுப்புகள், மரபுத் தகவலைச் சுமக்கும் ஆர்என்ஏ துணுக்குகள் இருக்கும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஏலக்காய் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கின் வெளியே இருக்கும் குறி அது எங்கே போகவேண்டும் என்று சொல்லும். உள்ளே இருக்கும் காயைப் பார்த்தால் எந்த மாதிரித் தோட்டத்திலிருந்து வந்தது, காய் நன்றாக விளைந்ததா, நோய் அடித்ததா என்று வியாபாரி சொல்லிவிடுவார். நுண்பையும் அப்படித்தான். மேல் சவ்வில் உள்ள புரதங்கள் அது எந்தச் செல்லில் போய் ஒட்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. உள்ளே இருப்பது அனுப்பிய செல்லின் அப்போதைய நிலையைக் காட்டுகிறது.

பைகளில் பல அளவு உண்டு. எக்சோசோம் எனப்படும் சிறியவை சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். செல்லின் மேற்பரப்பிலிருந்து நேரடியாகப் பிதுங்கிப் பிரியும் மைக்ரோவெசிக்கிள்கள் 100 முதல் 1000 வரை. சாகும் செல் உடைந்து சிதறுவதால் உண்டாகும் பைகள் இவற்றைவிடப் பெரியவை. ஒரு மில்லிமீட்டரில் 10 லட்சம் நானோமீட்டர் இருக்கிறது. எனவே 100 நானோமீட்டர் பைகளை வரிசையாக வைத்தால் ஒரே மில்லிமீட்டருக்குள் 10,000 அடங்கும்.

இவற்றைக் கண்டுபிடித்த விதமும் சுவாரசியமானது. 1983-ல் கனடாவின் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவும், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால் குழுவும் தனித்தனியே முதிராத ரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தன. அந்த அணு முதிரும்போது தனக்கு இனித் தேவைப்படாத ஒரு புரதத்தைச் சிறு பைகளில் வைத்து வெளியே தள்ளுவதை இரு குழுவினரும் பார்த்தார்கள். எக்சோசோம் என்ற பெயரை அவற்றுக்கு 1987-ல் வைத்தவர் ஜான்ஸ்டன். அதற்குப் பிறகும் பல வருடம், இது செல் தன் குப்பையைக் கொட்டும் வழி என்றே பலரும் நினைத்தார்கள். 1996-ல் நோய் எதிர்ப்புச் செல்கள் இந்தப் பைகளைக் கொண்டு மற்ற செல்களைத் தூண்ட முடியும் என்று தெரியவந்தது. 2007-ல் ஸ்வீடனின் யான் லோட்வால் குழு, ஒரு செல்லின் ஆர்என்ஏ பைக்குள் போய் இன்னொரு செல்லில் வேலை செய்வதைக் காட்டியது. அப்புறம்தான் துறை சூடுபிடித்தது.

சரி, ஈறுக்கு வருவோம். ஈறு நோயோடு நெருக்கமாகத் தொடர்புள்ள கிருமிகளில் அதிகம் ஆராயப்பட்டது போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். காற்றில்லாத இடத்தில் வாழ்வது. அதனால் ஆழமான ஈறுப் பள்ளம் அதற்கு வசதியான வீடு. எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலே போதும், சுற்றியிருக்கும் மற்ற கிருமிகளின் போக்கையே மாற்றிவிடும் என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. இந்தக் கிருமிக்கு வெளிச்சவ்வு ஒன்று இருக்கிறது. அந்தச் சவ்வு அங்கங்கே கொப்பளித்துப் பிரிந்து நுண்பைகளாக வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

அந்தப் பைகளுக்குள் இருப்பவற்றில் மிகவும் ஆபத்தானது ஜிஞ்சிபெயின் என்ற நொதி. புரதங்களை வெட்டுவதுதான் அதன் வேலை. ஈறின் மேல்தோல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் புரதங்களை அது வெட்டுகிறது. தோல் தளர்ந்து இடைவெளி விழுகிறது. கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்புப் புரதங்களையும் வெட்டுகிறது. கிருமியைவிடப் பை மிகச் சிறியது. ஆகவே கிருமி நுழைய முடியாத இடத்திலும் பை நுழையும், திசுவுக்குள் ஆழமாகப் போகும். நம் செல்களும் அதைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பல்லில் ஒட்டிய கிருமி, எட்டாத இடத்துக்குத் தன் நொதியை அனுப்புவது இப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தம் கசிவதை அலட்சியம் செய்கிறவர்களிடம் நான் கட்டாயம் சொல்வது இது. ஜிஞ்சிவாலிஸ் வளர ரத்தத்தில் உள்ள இரும்புச் சத்துப் பொருளான ஹீம் தேவை. ஜிஞ்சிபெயின் நம் ஹீமோகுளோபினை உடைத்து அதை எடுத்துக் கொடுக்கிறது. அழற்சியால் ரத்தம் கசிகிறது, கசிந்த ரத்தத்தைத் தின்று கிருமி பெருகுகிறது, பெருகிய கிருமி இன்னும் அதிகப் பைகளை விடுகிறது, அழற்சி கூடுகிறது. இளநீர் குடித்து இந்தச் சுழற்சியை நிறுத்த முடியாது.

நோயில் கிருமியின் பைகள் மட்டுமே குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பைக் கரைப்பவை நம் உடம்பின் சொந்தச் செல்கள். எலும்பில் எப்போதும் இரண்டு வேலை நடந்துகொண்டிருக்கும்: ஒரு வகைச் செல் பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொரு வகை புதிதாகக் கட்டும். ஈறு அழற்சி நீடிக்கும்போது அங்கே குவியும் நோய் எதிர்ப்புச் செல்கள் ராங்க்-எல் என்ற சமிக்ஞைப் புரதத்தை அதிகமாக உண்டாக்குகின்றன. அது கரைக்கும் செல்களைப் பெருக்கிவிடும். கரைப்பது கூடிக் கட்டுவது குறையும்போது தாடை எலும்பு தேய்கிறது. இந்தச் செல்களுக்கு இடையே போய்வரும் தகவலிலும் நுண்பைகளுக்குப் பங்கு உண்டு. கரைக்கும் செல்கள் விடும் பைகள், கட்டும் செல்களிடம் போய் எலும்பு கட்டும் வேலையைத் தூண்டுகின்றன என்று 2018-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆக, நுண்பை என்றாலே கெட்டது என்றோ நல்லது என்றோ சொல்ல முடியாது. எந்தச் செல், எந்த நிலையில் அதை அனுப்பியது என்பதுதான் கேள்வி.

சர்க்கரை நோயாளிகள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும் என்பது பலருக்குத் தெரியும். எதிர்த் திசையிலும் தொடர்பு உண்டு: ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகிறது. அதற்கு ஒரு வழியாக ஜிஞ்சிவாலிஸின் நுண்பைகளைச் சந்தேகிக்கிறார்கள். அவற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது ஜிஞ்சிபெயின் கல்லீரல்வரை போய்ச் சேர்ந்தது, அங்கே இன்சுலினுக்குக் கிடைக்க வேண்டிய பதில் மங்கியது. எலியில் கண்டது மனிதனில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஈறு சிகிச்சையால் சர்க்கரை அளவு குறைவது மனிதர்களிடமே உறுதியான விஷயம். பல சோதனைகளைத் திரட்டி 2022-ல் வெளிவந்த, காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வின்படி, ஈறு சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஒருவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

எச்சிலிலும் இந்தப் பைகள் மிதக்கின்றன. அதனால் எச்சில் மாதிரியை எடுத்து, பைகளுக்குள் இருக்கும் புரதத்தையும் ஆர்என்ஏவையும் வைத்து ஈறு நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா என்று ஆராய்கிறார்கள். நோய் உள்ளவர்களின் எச்சில் பைகளும் ஆரோக்கியமானவர்களின் எச்சில் பைகளும் வேறுபடுவதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி குத்தாமல், மலைமேல் இருக்கும் தோட்டத்திலேயே சோதித்துவிடலாம் என்றால் நம் பகுதிக்கு அது பெரிய வரம். ஆனால் இன்றைக்கு, மெல்லிய அளவுகோலால் பள்ளத்தின் ஆழத்தை அளப்பதும் எக்ஸ்ரேயும்தான் நோயை உறுதி செய்கிற முறைகள்.

இப்போது சிகிச்சை. இதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பகுதி, கூடவே அதிகம் எச்சரிக்க வேண்டிய பகுதியும்.

வாய்க்குள் ஏற்படும் காயம் தோலில் ஏற்படும் காயத்தைவிட வேகமாக, பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும். நாக்கையோ கன்னத்தையோ கடித்துக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். 2009-ல் மனித ஈறிலிருந்து ஒரு வகைக் குருத்தணுக்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை, பிரித்தெடுத்தார்கள். அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. அந்தச் செல்களையே நோயுள்ள இடத்தில் வைத்தால் குணமாகுமா என்று முதலில் பார்த்தார்கள். பிறகு, உள்ளே வைத்த செல்கள் பெரும்பாலும் அங்கேயே நிலைத்து வாழ்வதில்லை, அவை வெளியே விடும் பொருள்கள்தான் வேலையில் பெரும்பகுதியைச் செய்கின்றன என்பது பல திசுக்களில் தெளிவானது. நுண்பைகள் அந்தப் பொருள்களில் முக்கியமானவை. அப்படியானால் செல்லை விட்டுவிட்டுப் பையை மட்டும் கொடுத்தால் என்ன?

ஜப்பானில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஈறுக் குருத்தணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் மேல் டிஎன்எஃப்-ஆல்பா என்ற அழற்சிப் பொருளைக் கொஞ்சம் சேர்த்தார்கள். அழற்சியைச் சந்தித்த செல்கள் முன்பைவிட அதிகமான எக்சோசோம்களை விட்டன, அவற்றின் தரமும் மாறியிருந்தது. அந்தப் பைகளை ஈறு நோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் ஈறில் செலுத்தியபோது இரண்டு மாற்றம் தெரிந்தது. மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் அழற்சியை வளர்க்கும் வகையிலிருந்து ஆற்றும் வகைக்கு மாறின. எலும்பு கரைக்கும் செல்கள் குறைந்து எலும்பு இழப்பும் குறைந்தது. பைக்குள் இருந்த மைக்ரோ ஆர்என்ஏ என்ற மிகச் சிறிய ஆர்என்ஏ துணுக்கு ஒன்று, ராங்க்-எல் வழியை அடக்கியதுதான் எலும்பு தப்பியதற்குக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். நோயைச் சந்திக்கவைத்த செல், நோயை ஆற்றும் பையை இன்னும் அதிகமாகத் தருகிறது என்பது எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

இதே போல, எக்சோசோமைக் கொலாஜன் என்ற புரதத்தால் செய்த பஞ்சில் ஊறவைத்து எலியின் பல்லருகே இருந்த எலும்புக் குறைபாட்டில் வைத்தபோது அங்கே புதிய எலும்பும் நார்களும் வளர்ந்ததை 2019-ல் சிங்கப்பூரிலிருந்து எழுதினார்கள். பல்லுக்கு உள்ளே இருக்கும் பற்கூழின் செல்களிலிருந்து எடுத்த பைகளை, இறால், நண்டு ஓட்டிலிருந்து செய்யும் கைட்டோசான் கூழில் கலந்து கொடுத்த சீன ஆய்வும் எலிகளில் நல்ல பலன் தந்தது. பஞ்சும் கூழும் எதற்கு என்றால், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். வெறும் திரவமாகக் கொடுத்த மருந்து சீக்கிரம் கழுவிப் போய்விடும்.

செல்லுக்குப் பதில் பையைக் கொடுப்பதில் சில வசதிகள் உண்டு. பை தானாகப் பெருகாது, எனவே கட்டியாக வளர்ந்துவிடுமோ என்ற பயம் குறைவு. வடிகட்டலாம், உறையவைத்துச் சேமிக்கலாம். கிருமியின் பைகளையேகூட மருந்தாக்கலாம் என்பதற்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி சாட்சி. மெனிஞ்சோகாக்கஸ் பி வகைக்கு எதிராக, அந்தக் கிருமியின் வெளிச்சவ்வு நுண்பைகளாலேயே செய்த தடுப்பூசியை நியூசிலாந்து 2004-ல் நாடு முழுவதும் போடத் தொடங்கியது. ஜிஞ்சிவாலிஸின் பைகளை வைத்து ஈறு நோய்க்குத் தடுப்பூசி செய்ய முடியுமா என்ற சோதனை இன்னும் எலிகள் அளவில்தான் இருக்கிறது.

தடைகளும் சின்னவை அல்ல. பைகளைத் தனியே பிரிக்கப் பெரும்பாலும் புவியீர்ப்பைப் போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுழற்றும் இயந்திரம் வேண்டும். அப்படிச் சுழற்றினாலும் வேறு புரதங்கள் கூடவே வந்துவிடும். ஒரு தடவை எடுத்ததும் அடுத்த தடவை எடுத்ததும் ஒரே மாதிரி இருக்காது. எவ்வளவு கொடுத்தால் ஒரு வேளை மருந்து என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இல்லை. இதற்காகவே இந்தத் துறையின் சர்வதேசச் சங்கம் 2014, 2018, 2023 என்று மூன்று முறை ஆய்வு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், எக்சோசோம் என்ற சொல் கைபேசி விளம்பரங்களில் வந்துவிட்டது. முகம் பொலிவாக, முடி வளர என்று வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, ஈறுக்கும் அந்த ஊசி போடலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். தோட்டத்துக் கூலியில் சேர்த்த பணத்தை இதில் போடத் தயாராக இருப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஈறு நோயைக் குணப்படுத்துவதாக நிரூபிக்கப்பட்டுக் கடைக்கு வந்த எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை. அமெரிக்காவில் அனுமதி பெறாத எக்சோசோம் பொருள்களைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்ட பிறகு, அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொது எச்சரிக்கையே விட்டது. யாராவது உங்களுக்கு இந்த ஊசியைப் பரிந்துரைத்தால், இது பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆய்வு என்றால் மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

நுண்பைகளைப் பற்றி இதுவரை தெரிந்ததை வைத்துப் பார்த்தால், பழைய சிகிச்சை ஏன் பலிக்கிறது என்பதும் புரிகிறது. கிருமிப் படலத்தை எடுத்துவிட்டால் பைகளை அனுப்பும் இடமே போய்விடும். படலம் எச்சிலில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து காரையாக இறுகிவிட்டால் பிரஷ் அதை எடுக்காது, பல் மருத்துவர் கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்தான் எடுக்கும். "பல்லைச் சுத்தம் பண்ணுனா ஆடிப்போயிருமாமே, எங்க மதினி சொல்லுச்சு" என்று பயப்படுகிறவர்கள் நிறைய. எலும்பு ஏற்கெனவே தேய்ந்த பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் தெரியவரும். ஸ்கேலிங் பல்லை ஆட்டவில்லை. காரையை விட்டுவைத்தால்தான் அந்த எலும்பு இன்னும் தேயும்.

வெற்றிலையோடு புகையிலை ஒதுக்குகிறவர்களுக்கு, ஒதுக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகத்தான் வரும், அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடுவார்கள். மலையின் இரண்டு பக்கமும் புழங்கும் உமிக்கரியை விரலில் தொட்டு அழுத்தித் தேய்த்தால் பல்தான் தேயும், பல்லிடுக்குப் படலம் அப்படியே இருக்கும். மென்மையான பிரஷ், இரண்டு வேளை, ஈறோரத்தில் சாய்த்துப் பிடித்து மெதுவாக. முதல் சில நாள் ரத்தம் வரும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கேதான் படலம் அதிகம். இப்படி விடாமல் செய்தும் இரண்டு வாரத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை என்றால் பள்ளத்தை அளந்து பார்க்க வேண்டும், பல் மருத்துவரிடம் வந்துவிடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.